மெட்ராஸ் ஒரு மணி நேரம்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்காரன் வாயை மூடிக்கொண்டு கேசரி தின்ன வேண்டும். முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். அதுவும் பெரம்பூரில், ரயில்வே ஒர்க்ஷாப் ஃபிட்டர் அப்பாதுரையின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ரயிலைக் குறை சொல்லத் திறந்தான்.

பெண் சரசுவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அப்பாதுரைக்கும் பையனிடம் சொல்லத்தக்க குறை ஒன்றும் தெரியவில்லை. பெங்களூர் ஏரோட்ரோமில் லோடர் வேலை, மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு ஓட்டு வீடு. தாய் தகப்பன் இல்லை. கூட வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். முறுக்கிக்கொண்டது பெண்ணைப் பெற்ற வள்ளியம்மாதான். நீட்டிய தட்டில் வெற்றிலையைத் தொடாமல் சொன்னாள்:

"எல்லாம் சரிதான். பங்களூரு தூரமா கீதே. எனக்கு ஒரே பொண்ணு. அதுக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா, இன்னிக்கு ராவுல ரயிலேறி நாளைக்குத்தான் நான் அது மூஞ்சியப் பாக்கணும். அதுக்குள்ள இன்னா ஆவுமோ, ஏது ஆவுமோ."

"தூரம்னு யாருங்க சொன்னது?" என்றான் முனிகிருஷ்ணன். "ஏரோப்ளேன்ல ஒரு மணி நேரம். தினம் நான் ஏத்தி எறக்கற ப்ளேனு."

அப்பாதுரை சிரித்தார். முப்பது வருஷமாக ரயில் பெட்டிக்குச் சக்கரம் மாட்டுகிற மனிதர். "தம்பி, எங்க லைன்ல இருநூத்தி இருவது மைலுக்கு மேல கீது. ஒரு மணி நேரத்துல எப்படிப்பா வரும்?"

"எங்க லைன்ல நூத்தி எம்பதுதாங்க மாமா."

"மிச்சம் நாப்பது மைலு எங்க போச்சு? யாராவது தூக்கினு பூட்டாங்களா?"

"நாங்க வளைவெல்லாம் எடுக்கறதில்ல. ஜோலார்பேட்டைல டீ குடிக்க நிக்கறதும் இல்ல."

வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னால் சரசு சிரித்ததும் கேட்டது. வள்ளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, என்னை ஒரு மணி நேரத்துல அதுகிட்ட கொண்டாந்து சேத்துடுவியா?"

"சேக்கறேன் அத்தே."

"இது பேச்சுக்குச் சொல்றியா, வாக்கா சொல்றியா?"

"வாக்கா சொல்றேன்."

வள்ளியம்மா வெற்றிலையை எடுத்தாள். கல்யாணம் அந்த வாக்கில்தான் நடந்தது. இது நடந்தது ஐம்பத்து மூன்றில்.

அப்போதிருந்த ஏரோட்ரோமை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. தொம்மலூர் ஏரியைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ராகி வயல். நடுவில் ஒரு கொட்டகை, அதன் முன்னால் ரோஜாப் பாத்தி, அதற்கப்புறம் முள்கம்பி. முள்கம்பிக்கு அந்தப் பக்கம் டகோட்டா விமானம், வாலைத் தரையில் ஊன்றி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, ஆள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்கும். சில நாள் காலையில் ப்ளேன் இறங்குவதற்கு முன்னால் ஒருவன் சைக்கிளில் போய் ஓடுபாதையில் மேய்கிற ஆடுகளை விரட்டிவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கத்துக் குடும்பங்கள் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு முள்கம்பி ஓரம் நின்று, ஏறுகிறவர்களுக்குக் கை காட்டும். ஏறுகிறவர்கள் யாரென்று இவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காட்டும்.

ஏறுகிறவர்களின் சாமானை மட்டும் அல்ல, ஆட்களையும் எடை போட்ட காலம் அது. பட்டுப்புடவை கட்டிய பெரிய வீட்டு அம்மாள், தொப்பி வைத்த துரை, யாராக இருந்தாலும் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று அடுத்தவர் எட்டிப் பார்ப்பார். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் கிளாரன்ஸ். சட்டைக்காரன், அதாவது ஆங்கிலோ இந்தியன், ரிச்மண்ட் டவுன். தமிழில் திட்டுவான், இங்கிலீஷில் வருத்தப்படுவான், நல்ல மனுஷன்.

முனிகிருஷ்ணனுக்கு வேலை ப்ளேனின் வயிற்றில். மூட்டையை ஏற்றுவது, பரப்பி வைப்பது, வலையை இழுத்துக் கட்டுவது. மெட்ராஸில் அதே வேலையைப் பார்த்தவன் ஏகாம்பரம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் சரக்குக் கதவின் உள்பக்கத்தில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொள்வார்கள். முனிகிருஷ்ணன் மூன்றாங்கிளாஸ், ஏகாம்பரம் அதற்கும் கீழே. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். 'முனி, மீன் மூட்டை ஒழுகுது, பாத்து எறக்கு' என்று அங்கிருந்து வரும். 'ஏகா, இங்க குளிரு, அங்க?' என்று இங்கிருந்து போகும். மறுநாள் பதில்: 'வேர்வை.' இப்படியே ஏழெட்டு வருஷம் சிநேகம். முனிகிருஷ்ணனுக்கு மெட்ராஸ் என்றால் கைக்கு எட்டுகிற இடம். காலையில் ஏற்றின கோஸ் மூட்டை பத்து மணிக்குள் அந்த ஊர் மார்க்கெட்டில். இதில் தூரம் எங்கே இருக்கிறது?

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வாய் ஓயவில்லை. தீபாவளிக்குப் போனால், "மாப்பிள்ள இந்த தபா இன்னாத்துல வந்தாரு? ரயில்லயா? அடடா, ஒரு மணி நேர வண்டி இன்னா ஆச்சு, காத்து எறங்கிப் பூச்சா?" என்பார். தெருவில் நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்பார். முனிகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொள்வான். வருஷத்துக்கு ஒரு இலவச பாஸ் அவனுக்கு உண்டு. அதை அவன் தொடவே இல்லை. வாக்குக் கொடுத்தது வள்ளியம்மாவுக்கு. அது அவளுக்காக இருக்கட்டும் என்று வைத்திருந்தான்.

ஐம்பத்தைந்தில் சரசு உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் வளைகாப்பு சமயத்தில் அவளுக்குக் கால் வீங்கி, தலை சுற்றல் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரயில் குலுக்கல் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். ப்ளேனில் அனுப்பலாமா என்று முனிகிருஷ்ணன் கேட்டான். டாக்டரம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சரி, பிரசவம் பெங்களூரில். பொங்கல் கழித்து நாள், பொங்கல் அன்றைக்கே வள்ளியம்மா வந்து இருப்பது என்று முடிவாயிற்று.

பாஸ் எழுதும்போது மானேஜர் தடுத்தார். பெண்டாட்டி, பிள்ளை, பெற்ற தாய் தகப்பன், இவர்களுக்குத்தான் பாஸ். மாமியார் சேர்த்தி இல்லை.

"எனக்கு அம்மா இல்ல சார்," என்றான் முனிகிருஷ்ணன். "அந்த எடம் காலியாத்தான் இருக்குது. அதுல இவங்களப் போடுங்க."

மானேஜர் அம்மா என்ற இடத்தில் வள்ளியம்மாவின் பேரை எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் வரைக்கும் பிள்ளை காத்திருக்கவில்லை. மார்கழி நடுவில், ஒரு புதன்கிழமை காலையில், சரசு அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனிகிருஷ்ணன் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இன்றைக்கு ராத்திரி ஆகலாம், நாளைக்கும் ஆகலாம், முதல் பிரசவம் இழுக்கும் என்றாள் நர்ஸ். சரசு அவன் கையை விடவில்லை.

"எனக்குப் பயமா கீதுங்க. அம்மா வரணும்."

"வந்துடுவாங்க. ஒரு மணி நேரம்தானே."

சைக்கிளை மிதித்து ஏரோட்ரோமுக்கு வந்தான். மத்தியான ப்ளேன் மெட்ராஸுக்குக் கிளம்ப நின்றது. கிளாரன்ஸ் பாஸ் விவரத்தை ஒயர்லெஸ்ஸில் சொல்ல ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு கேள்வி கேட்டான்:

"ஏன் மேன், நைட் மெயில்ல வரச் சொல்லேன்? காலைல வந்து நிப்பாங்க. சேஃப்."

கேட்க வேண்டிய கேள்விதான். முனிகிருஷ்ணன் அப்போது அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ரயிலில் வந்தால் வந்து சேருவாள். ஆனால் அப்பாதுரை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். இரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த வாக்கு, தேவைப்பட்ட அன்றைக்கு ரயிலில் ஏறுவதா?

"ப்ளேன்தான் கிளாரன்ஸ். மெயில் வர்றதுக்கும் இதுக்கும் மிஞ்சிப் போனா ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்."

சரக்குக் கதவின் உள்பக்கம், சாக்குக்கட்டியை அழுத்தி எழுதினான்: 'ஏகா, சரசுக்கு வலி. பெரம்பூர் போ. அத்தையைக் காலை ப்ளேன்ல ஏத்து.' கீழே மாமனார் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கதவைச் சாத்தினான். ப்ளேன் மேலே ஏறி, ராகி வயலுக்கு மேல் சாய்ந்து, கிழக்கே போயிற்று.

அந்தப் பக்கம் நடந்ததை அப்பாதுரை பின்னால் சொல்லித்தான் தெரியும். ஏகாம்பரம் வேலை முடிந்ததும் பெரம்பூருக்கு ஓடி விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அப்பாதுரை அந்த நிமிஷமே சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புடி, மெயிலப் புடிக்கலாம்" என்றிருக்கிறார். வள்ளியம்மா அசையவில்லை.

"மாப்பிள்ள ப்ளேன்ல வரச் சொல்லிகீறாரு. வாக்குக் குடுத்தாரு, காப்பாத்தறாரு. நான் ரயில்ல போனா அந்தப் புள்ளைக்கு இன்னா மரியாத?"

"நீ மேலேர்ந்து உளுந்துட்டா எனக்கு இன்னா மரியாத?"

"உளுந்தா பங்களூர்லதானே உளுவேன். பொண்ணுகிட்டதான்."

காலையில் மீனம்பாக்கத்தில் அவளைத் தராசில் ஏற்றினார்கள். கையில் இருந்த பையைக் கீழே வைக்கமாட்டேன் என்றாள். அதில் பிரசவ மருந்தும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடும் இருந்தன. பையோடு சேர்த்தே எடை போட்டார்கள். பக்கத்து சீட்டு மார்வாடி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டாராம்.

இங்கே, பெங்களூரில், முனிகிருஷ்ணன் விடிந்து கதவைத் திறந்தபோது எதிர்வீடு இல்லை. வெள்ளையாக இருந்தது. மார்கழிப் பனி எப்போதும் இருப்பதுதான், வெயில் ஏறினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். தொம்மலூரில் ஏரி தெரியவில்லை. ஏரோட்ரோமில் ரோஜாப் பாத்திக்கு அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. கிளாரன்ஸ் கொட்டகை வாசலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றான்.

"கிளம்பிட்டாங்களா?"

"எப்பவோ கிளம்பியாச்சு. அங்க க்ளியர். இங்க பாரு, என் ஷூ எனக்கே தெரியல."

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் வண்டு முனகுகிற மாதிரி. பிறகு பெரிதாக. முனிகிருஷ்ணன் தலையைத் தூக்கினான். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். நேர்மேலே வந்தது. தாண்டிப் போயிற்று. தண்டுப் பக்கம் வளைந்து, மறுபடி வந்தது.

"எறங்கறானா?"

"எங்க மேன் இறங்குவான்? ரன்வே எங்க இருக்கு, நீ காட்டு பார்க்கலாம்."

ப்ளேன் சுற்றியது. முனிகிருஷ்ணன் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சத்தத்துக்குள்ளே, கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்டின் டவுனிலிருந்து அல்சூர் போகிற தூரம்கூட இல்லை. ஒரு ஏணி இருந்தால் போதும் போல இருந்தது. இந்த மனுஷன் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் மூட்டை ஏற்றி இறக்கியிருக்கிறான். அன்றைக்கு ஒரே ஒரு பொம்பளையை இறக்க முடியவில்லை.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, சத்தம் வளைந்து வரவில்லை. நேராகக் கிழக்கே போய்க் குறைந்தது.

உள்ளேயிருந்து கிளாரன்ஸ் வந்தான். "பெட்ரோல் பார்க்கணுமே மேன். திரும்ப மெட்ராஸ் போறான். மத்தியானமும் சந்தேகம்தான், அந்த ப்ளேன் இன்னிக்கு பம்பாய் போகணும்." முனிகிருஷ்ணன் தோளில் கை வைத்தான். "வெதர் யார் கையில இருக்கு? நீ போ. நான் பார்த்துக்கறேன் இங்க."

அவன் ஆஸ்பத்திரிக்கு மிதித்த மிதியில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. பாதி வழியில் பனி விலகி, பளீரென்று வெயில் வந்தது. வானம் நீலமாக, துடைத்துவிட்ட தட்டு மாதிரி. முனிகிருஷ்ணன் அந்த வெயிலை நடுரோட்டில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினான். எதிரே வந்த பால்காரன் தன்னைத்தான் என்று நினைத்து, "ஏனு ஸ்வாமி, நானு ஏனு மாடிதே?" என்று, தான் என்ன செய்தோம் என்பதைக் கன்னடத்தில் கேட்டான்.

வாசலில் நர்ஸ் மறித்தாள். "பொண்ணு. தாயும் நல்லா இருக்கா. கைய கழுவிட்டு உள்ள போ, கிரீஸு."

சரசு கண் மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளில், வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் ஒரு முகம். அவன் காலடி கேட்டதும் சரசு கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"வாசல்ல நிக்கறாங்களா? உள்ள விடமாட்டாங்களா?"

"வந்தாங்க சரசு."

"தெரியும். ப்ளேன் சத்தம் கேட்டுச்சே. எனக்கு உயிரே போற மாதிரி இருந்துச்சு, முடியாது முடியாதுன்னு கத்தினேன். அப்பதான் தலைக்கு மேல சத்தம். எங்கம்மா வந்துட்டாங்கன்னு நர்ஸுகிட்ட சொன்னேன். அப்புறம் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் இது பொறந்துச்சு." அவள் மறுபடி கதவைப் பார்த்தாள். "எங்க?"

"வந்தாங்க. எறங்க முடியல. பனி. திரும்பிப் போயிட்டாங்க."

சரசு அவனையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான்.

"வீட்டு வாசல் வரைக்கும் வந்தவங்கள திருப்பி அனுப்பிட்டீங்களா?" என்றாள். குரலில் கோபமா, சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று முழுவதும் முனிகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பீடிக் கட்டு தீர்ந்தது. ரயிலில் வரச் சொல்லியிருந்தால் விடியும்போதே வந்திருப்பாள். மகள் கத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தன் வீம்பு, மாமனாரின் வாய்க்குப் பயந்த வீம்பு, பெற்றவளை ஆகாசத்தில் சுற்ற விட்டு ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பெரம்பூர் போவது?

இருவரும் ராத்திரி மெயிலில் கிளம்புவதாக ஒயர்லெஸ்ஸில் வந்த சேதியைச் சாயங்காலம் கிளாரன்ஸ் சொல்லி அனுப்பினான். மறுநாள் காலை தண்டு ஸ்டேஷனில் மெயில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்பிலிருந்து முதலில் அப்பாதுரை இறங்கினார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் உதட்டுக்கு வந்துவிட்டது.

"இன்னா மாப்பிள்ள, ஒரு மணி—"

"நீ கம்முனு இரு," என்றாள் பின்னாலேயே இறங்கிய வள்ளியம்மா. புடவை கசங்கி, தலை கலைந்து, கண் சிவந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "பொண்ணு எப்டி கீது?"

"நல்லா இருக்கா அத்தே. பொண் கொழந்த. நேத்து காலைல பொறந்துச்சு."

"நேத்து காலைல எப்போ?"

அவன் சொன்னான். பனியைச் சொன்னான், சரசு சத்தம் கேட்டதைச் சொன்னான், நர்ஸிடம் அவள் சொன்னதைச் சொன்னான். சொல்லச் சொல்ல வள்ளியம்மா அப்படியே ப்ளாட்பாரத்தில் பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கூலிகள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஜன்னல்ல பாத்தேன் மாப்பிள்ள," என்றாள். "கீழ ஒண்ணுமே தெரில. பஞ்சு பிரிச்சுப் போட்ட மாதிரி கீது. எங்கடி கீற சரசு, எங்கடி கீறன்னு கேட்டுனே இருந்தேன். அந்த மார்வாடி என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான். பயப்படாதடி, அம்மா வந்துட்டேன்னு சொன்னேன். கேட்டுதா அவளுக்கு?"

"கேட்டுச்சு அத்தே."

முனிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "என் தப்பு. ரயில்ல வரச் சொல்லியிருக்கணும். ஒரு மணி நேரம்னு வாக்குக் குடுத்தேன்—"

"இன்னா தப்பு?" வள்ளியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு மணி நேரத்துல என்னைக் கொண்டாந்து எம் பொண்ணு தலைக்கு மேல நிறுத்தினியா இல்லியா? அவ கூப்ட்டப்ப நான் வந்தேன். எறக்கி விடத்தான் உங்க ஊருக்குத் துப்பில்ல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அப்பாதுரை வாயைத் திறந்தார்.

"ஏன், உன் ரயிலு இருக்கே," என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள், "அது மேல போயி நிக்குமா? நிக்குமான்னு கேக்கறேன். புள்ள பொறந்து ஒரு நாள் கழிச்சு வந்து நிக்குது, பெரிசா பேச வந்துட்ட."

அப்பாதுரை வாயை மூடிக்கொண்டார். அவர் சக்கரம் மாட்டிய அத்தனை வருஷத்திலும் ரயிலுக்கு இப்படி ஒரு குறையை யாரும் சொன்னதில்லை.

முனிகிருஷ்ணன் கையை நீட்டினான், பையை வாங்கிக்கொள்ள. அவள் கொடுக்கவில்லை.

"நான் தூக்கினு வர்றேன். நீ முன்னால போயி ஜட்கா புடி. பேரம் பேசினு நிக்காத, எம் பொண்ணு காத்துனு கீது."

அவன் படிக்கட்டை நோக்கி ஓடினான்.